எட்டு ஜாப் கார்டுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னிடம் படித்த எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். நானும் அதை ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தவன்தான். பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் டிப்போவுக்கு ஒரு மனு. கேஸ் சிலிண்டர் எடை குறைந்தால் கலெக்டருக்கு ஒரு மனு. "ஸ்தனிஸ்லாஸ் சார் பேனாவ எடுத்துட்டாருன்னா எதிராளி காலி" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். காதில் விழாத மாதிரி இருப்பேன், ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். 2001-இல் நான் போட்ட ஒரு வழக்கைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் உள்ளது உள்ளபடி சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது நான் சின்னாளப்பட்டியில் இயற்பியல் வாத்தியார். வீடு திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். பன்னிரண்டு வருடம் ஒரு மொபெட்டிலேயே போய் வந்து முதுகு தேய்ந்த பிறகு, அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்த மறுநாள் பழனி ரோட்டு ஷோரூமில் புது பைக் எடுத்தேன். ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தெருவே வந்து பார்த்தது. என் வாய் சும்மா இருக்குமா. காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினேன். பழைய மொபெட் எல்லாம் டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இது ஃபோர் ஸ்ட்ரோக். இதில் ஆயிலுக்கு எஞ்சினுக்குள்ளேயே தனி இடம் இருக்கிறது. டேங்கில் வெறும் பெட்ரோல் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர், அயர்ன் கடைக்காரர், பால்காரர் என்று வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் இந்தப் பாடத்தை நடத்தினேன்.

மூன்றாவது வாரமே வண்டி படுத்துவிட்டது. காலையில் பள்ளிக்குப் போகும்போது அம்பாத்துறை பக்கம் நீலமாகப் புகை கக்கியது, இரண்டு தடவை இருமியது, நின்றது. உதைத்து உதைத்துப் பார்த்தேன், கால் வலித்ததுதான் மிச்சம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னல் முழுக்கத் தலைகள். "சார் புது வண்டி சார்" என்று ஒருத்தன் கத்தினான். அன்றைக்கு வகுப்பில் யார் என்று கேட்டு ஒருத்தனும் ஒத்துக்கொள்ளாததால் மொத்த வகுப்பையும் வெயிலில் நிறுத்தினேன்.

ஷோரூமில் வண்டியை வாங்கிப் பார்த்த மெக்கானிக்கின் பெயர் சடையாண்டி. முப்பது வயது இருக்கும். நீலச் சட்டையில் பாக்கெட்டுக்கு மேலே அவன் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருந்தார்கள். கம்பெனியே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்த ஆள் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். சடையாண்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். கரி பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. மாற்றினான், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தான், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். "ஓகே சார்" என்று, என்ன கோளாறு, என்ன வேலை பார்த்தது என்பதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினான். வாரன்டியில் எல்லாம் இலவசம்.

ஒரு வாரம் ஓடியது. அடுத்த திங்கள்கிழமை மறுபடி அதே புகை, அதே இருமல். மறுபடி ஷோரூம், புது பிளக், ஜாப் கார்டு. அதற்குப் பிறகு வேறு ஒரு திங்கள். ஒருமுறை எஞ்சினையே பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றினார்கள். நாலு மாதத்தில் எட்டு ஜாப் கார்டு சேர்ந்தது. எட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: ட்ரையல் பார்த்தது, ஓகே. எட்டாவது தடவை நான் சாவியை முதலாளி மேஜையில் வீசினேன். "இந்த ஓட்டை வண்டிய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேற வண்டி வேணும். இல்ல, கோர்ட்டுல பாக்கலாம்." சொன்னபடியே மறுநாள் ரிஜிஸ்டர் தபாலில் ஷோரூமுக்கு நாலு பக்க நோட்டீஸ் அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் சடையாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"சார், பத்து நாளா நானே ஓட்டிப் பாத்துட்டேன். துளி புகை இல்ல. செத்த நேரம் வந்து பாத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க சார்."

"எட்டுத் தடவையும் இதையேதான சொன்ன?"

"அதத்தான் சார் கேக்க வந்தேன். தப்பா நெனைக்கக் கூடாது. டேங்குல யாராச்சும் ஆயில் கீயில் ஊத்துறாகளா? கடைசியா கார்புரேட்டரக் கழட்டயில டூ ஸ்ட்ரோக் ஆயில் வாடை அடிச்ச மாதிரி இருந்துச்சு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யார் வீட்டுக்கு வந்து என்ன கேள்வி கேக்குற? வெப்ப எஞ்சின் பாடம் பதினெட்டு வருசமா நடத்துறேன்டா நான். உன் மொதலாளி சொல்லிக்குடுத்து அனுப்பினானா?"

அந்த நேரம் பார்த்து என் மனைவி ரோசலின் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்து தண்ணீர் கொட்டியது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?" என்று அவளுக்கும் ஒரு பாட்டு விட்டேன். சடையாண்டி குனிந்து டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "பரவால்லக்கா" என்றான். அவளைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு எழுந்துகொண்டான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னான். "சார், கேஸுன்னு போயி எங்க பக்கம் தோத்துட்டா மொதலாளி என்னையத்தான் வெளிய அனுப்புவாரு. இந்தச் சட்டையப் போடுறதுக்கு நாலு வருசம் ரோட்டோரக் கடையில கெடந்தேன் சார்."

"அத உன் மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லு" என்றேன். கதவைச் சாத்தினேன்.

நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை, நானே வாதாடினேன். அங்கே அது செல்லும். எட்டு ஜாப் கார்டையும் வரிசையாக ஒரு அட்டையில் ஒட்டிக்கொண்டு போனேன். எதிர்த்தரப்பு வக்கீல், வண்டியில் குறையில்லை, எரிபொருளில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்றார். "பரிசோதனை அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை. யாரும் அப்போதே பெட்ரோலை எடுத்து அனுப்பி வைக்கவில்லை. கடைசி விசாரணைக்கு ரோசலினையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைவலிக்கிறது, வரவில்லை என்றாள். புருஷன் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டாமா என்று வற்புறுத்திப் பின் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

அன்றைக்குச் சடையாண்டி சாட்சி. அதே நீலச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வந்திருந்தான். நான் எழுந்தேன்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

பெஞ்சுகளில் லேசாகச் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"குறையே இல்லாத வண்டிக்கு எட்டு ஜாப் கார்டு எதுக்குப் போட்டீங்க? கம்பெனி சொல்லிக்கொடுத்தது இதுதானா? ஒரு பிளக் கறுத்தா ஏன் கறுத்துச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு எதுக்கு மெக்கானிக்னு பேரு?"

பதிலுக்கு நிற்காமல் அடுத்த கேள்வியைப் போட்டேன்.

"வண்டியில குறை இல்லைன்னா வேற எங்க இருக்கு? உங்களுக்குத் தெரியும்னா இந்த மன்றத்துல சொல்லுங்க."

சடையாண்டி வாயைத் திறந்தான். அவன் கண் என்னைத் தாண்டி எங்கோ பின்னால் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியலைங்க" என்றான். ஆளை மடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. பழைய வண்டியை ஷோரூமே வைத்துக்கொண்டு வேறு புது வண்டி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். ஊரில் யாருக்கு ஃபேன் ஓடவில்லை, மிக்ஸி சுற்றவில்லை என்றாலும் ரசீதைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். புது வண்டி ஒரு மாதம் ஓடியது, ஒரு பொட்டுப் புகை இல்லை. பார்த்தாயா, என்னிடம் வேலையைக் காட்ட முடியுமா என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, என்னோடு வேலை பார்க்கும் அருள்நாதன் சேதி சொன்னார். ஷோரூமில் அந்த மெக்கானிக்கை நிறுத்திவிட்டார்களாம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் ரோசலினிடம் அதைச் சொன்னேன். "தொழில் தெரியாதவனுக்கு அதுதான் சரி. அகரம் போற வழியில எங்கயோ பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கானாம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள்.

"அவரு மேல தப்பு இல்லைங்க."

"என்ன?"

"நாந்தான் ஊத்துனேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணை என் தட்டிலேயே வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை நீங்க சாப்ட்டுத் தூங்கும்போது சாவிய எடுத்து டேங்குல ஒரு மூடி ஆயில் ஊத்துவேன். பழைய மொபெட்டுக்கு ஊத்துன மாதிரியே. கொடைரோட்டுல அன்னைக்கு ஆயில் இல்லாம எஞ்சின் பிடிச்சு நின்னப்ப, ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தக் கூடாதா, தின்னுட்டுத் தூங்க மட்டும் தெரியுதான்னு பஸ் ஸ்டாப்புல அம்புட்டுப் பேரு முன்னாடியும் கேட்டீங்க. அதுலருந்து நீங்க ஊத்துனாலும் ஊத்தாட்டியும் நான் ஊத்திருவேன்."

கொடைரோட்டில் மொபெட் நின்றது எனக்கு லேசாக ஞாபகம் இருந்தது. அவளை என்ன சொன்னேன் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை. பத்து வருடத்துக்கு முந்திய கதை அது.

"இது ஃபோர் ஸ்ட்ரோக்குன்னு ஊருக்கே சொன்னேனே" என்றேன்.

"ஊருக்குச் சொன்னீங்க. வண்டி வந்த அன்னைக்கே நான் கேட்டேன், இதுக்கு ஆயில் எங்க ஊத்தணும்னு. உனக்கு எதுக்கு அது, போயி உலைய வையின்னீங்க." குழம்புச் சட்டியை மூடினாள். "அந்த மெக்கானிக்கு வந்து கேட்டப்பத்தான் எனக்கே தெரியும். அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது, கத்தத்தான் எழுந்திருப்பேன். அவள் சட்டென்று பின்னால் போனாள். இடுப்பு அடுப்பு மேடையில் இடித்தது. நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதை நாலு பேரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவள் பின்னால் போனாள். நான் கை கழுவாமலேயே வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்ச் சுவரில் நான் போட்ட எஞ்சின் படத்தை மழை பாதி அழித்திருந்தது. என்னைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே தாடிக்கொம்பு ரோட்டைப் பிடித்தேன். அகரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓலைச் சார்ப்புப் போட்ட கடை ஒன்றில் சடையாண்டி ஒரு மொபெட்டின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேலே பனியன், அதன் மேல் ஒரு பழைய சட்டை. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.  ஒரே வரியில் சொன்னேன்.

"வீட்டுலதான் ஆயில் ஊத்தியிருக்காங்க. எனக்கு நேத்துத்தான் தெரியும்."

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றான். நட்டைத் திருகிக்கொண்டே சொன்னான். "நான் ஆயிலுன்னு கேட்டதும் அக்கா கையில டம்ளர் நிக்கலையே."

"அப்புறம் ஏன்யா மன்றத்துல சொல்லல? நானே கேட்டேனே, சொல்லுன்னு."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "வாய் வரைக்கும் வந்துருச்சு சார். சொல்லியிருப்பேன். அக்கா பின் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. மொகத்துல ரத்தம் இல்ல. எட்டாவதுதான் படிச்சிருக்கேன்னு என்னைய வச்சு அம்புட்டுப் பேரையும் சிரிக்க வச்சீங்கள்ல. நான் யாரோ எவனோ, என்னையே இந்தப் பாடு படுத்துறவரு, வீட்டுக்குப் போயி அவங்கள என்ன பாடு படுத்துவாருன்னு நெனச்சேன். விட்டுட்டேன்."

நான் வழியை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். 

"உங்க மேல கோவம் இல்லைன்னு நெனச்சுறாதீங்க" என்றான் சடையாண்டி. "நெறைய இருக்கு. இருட்டுறதுக்குள்ள இந்த வண்டிய முடிக்கணும். வழிய விட்டு நில்லுங்க சார்."

அங்கிருந்து ஷோரூமுக்குப் போனேன். உள்ளே புது வண்டி பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் போகட்டும் என்று முதலில் ஓரமாக நின்றேன். பிறகு, அன்றைக்கு மன்றத்தில் நான் சடையாண்டியை ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேள்வி கேட்கவில்லையே என்று தோன்றியது. முதலாளி முன்னால் போய் நின்று சொன்னேன். "பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்துனது நான்தான். பழைய பழக்கத்துல ஊத்திட்டேன். உங்க வண்டி மேலயும் தப்பு இல்ல, சடையாண்டி மேலயும் தப்பு இல்ல."

 முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "பிசிக்ஸ் வாத்தியாரு நீங்க. ஏம்மா, கேட்டியா இத?" என்று கேஷியரைக் கூப்பிட்டார். கேஷியர் சிரித்தாள், வண்டி பார்க்க வந்தவர்களும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். மனு எழுதியே பழகிய கை, அந்த அரைப் பக்கத்தை எழுத அரை மணி நேரம் எடுத்தது. புது வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டறை மூலையில் தூசி படிந்து நின்ற என் பழைய வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்கள். சடையாண்டியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு சார். பாப்போம்" என்றார். இரண்டு மாதம் கழித்து, தினக்கூலிக்குத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார். பெயர் தைத்த சட்டை கொடுக்கவில்லை.

விஷயம் மறுநாளே சின்னாளப்பட்டி வரைக்கும் போய்விட்டது. "சார் டீக்கு ஒரு மூடி ஆயில் கலக்கவா" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். வகுப்பில் நான் போர்டு பக்கம் திரும்பினால் பின்னால் எஞ்சின் இருமும். மிக்ஸிக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான், தாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது முதல் நாள் சாயங்காலமே, ஷோரூமிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோதே நடந்துவிட்டது.

ரோசலின் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டியின் நம்பரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"பழைய வண்டி" என்றாள்.

"ஆமா. ஷோரூமுல எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான்தான் ஊத்துனேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உன் பேரு எங்கயும் வரல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்போதும் எனக்கு ஒரு பாராட்டு வேண்டியிருந்தது. அவள் துணிகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். 

"கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். பிறகு நான் உள்ளே போவதற்காக வாசலை விட்டு விலகி நின்றாள். ஒரு ஆள் போக எவ்வளவு இடம் வேண்டுமோ, அதைவிட ரொம்பத் தள்ளி நின்றாள்.